உருளையை நிறுத்தும் கை

என் பெரியம்மாவுக்குப் பொருளாதாரம் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தெரியும் என்று சொன்னாலும் கோபம் வரும். அவளுக்குத் தெரிந்தது பிஸ்கட். மாவு பிசையும் இடத்திலிருந்து டப்பாவில் அடைக்கும் இடம் வரை அந்த ஆலையில் அவள் நிற்காத இடம் கிடையாது. முதலாளி காலத்தில் நின்றாள், அரசாங்கத்தின் காலத்தில் நின்றாள், கடைசியில் தொழிலாளர்களே ஆலையை எடுத்து நடத்தியபோது தலைவியாகவும் நின்றாள்.

நான் கல்லூரியில் படித்த பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு கிழித்துப் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் முதலாளித்துவம், அந்தப் பக்கம் சோஷலிசம், கீழே இரண்டின் நன்மை தீமைகள். நானும் மனப்பாடம் செய்து எழுதி, நல்ல மார்க் வாங்கி, கடைசியில் அதே பிஸ்கட் ஆலையில் லாரிக்குப் பெட்டி ஏற்றும் பிரிவில்தான் வந்து சேர்ந்தேன். என்ன செய்வது? எங்கள் குடும்பம் அந்தக் கோட்டின் மேலேயே குடித்தனம் நடத்திய குடும்பம்.

பெரியம்மா மூத்தவள். அடுத்தவர் மாமா. கடைக்குட்டி என் அம்மா. மூன்று வீடும் ஆலை மதிலுக்குப் பின்னால் ஒரே தெருவில். காலையில் ஜன்னலைத் திறந்தால் வெண்ணெயும் சர்க்கரையும் வேகும் வாசனை வரும். விருந்தாளிகள் மூச்சை இழுத்து இழுத்து ரசிப்பார்கள். நாங்கள் ஜன்னலைச் சாத்துவோம்.

பெரியப்பா ஆலையில் எலக்ட்ரீஷியன், சங்கத்துக்காரர். உலகத்தில் உள்ள ஆலைகளெல்லாம் எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டால் தலைவலி முதற்கொண்டு தீர்ந்துவிடும் என்று நம்பியவர். மாமா சொந்தமாக அட்டைப்பெட்டிப் பட்டறை வைத்திருந்தார். தனக்கென்று ஒரு பொருள் இல்லாதவன் அதைத் துடைத்து வைக்க மாட்டான் என்பது அவருடைய கட்சி. இருவரும் ஒருவர் இல்லாமல் ஒருவர் டீ குடிக்க மாட்டார்கள். குடிக்க ஆரம்பித்தால் சண்டை போடாமல் டம்ளரைக் கீழே வைக்கவும் மாட்டார்கள்.

"ஒருத்தன் துணிஞ்சு பணம் போட்டான், மெஷின் வந்துச்சு, ஊருக்கே வேலை கிடைச்சுது. அதுல என்ன தப்பு அத்தான்?" என்பார் மாமா.

"மெஷின ஓட்டுறது யாரு மாப்ள? அந்த ஒருத்தனா?" என்பார் பெரியப்பா.

பெரியம்மா பாத்திரம் கழுவியபடியே கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் சொன்னாள். "முன்னாடி நம்ம ஊர்ல அவனவன் வீட்டுல அடுப்பு வச்சு ரொட்டி சுட்டான். அப்ப அடுப்பு யாருதுன்னு எவனாவது சண்டை போட்டானா? தெரு நீளத்துக்கு ஒரு அடுப்பு வந்துச்சு, ஒரு வீட்டுக்காரனால வாங்க முடியல, அப்பதான் அது யாருதுங்கற கேள்வியே வந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் அந்த அடுப்பு பெத்த இரட்டைப் பிள்ளைங்க. அதான் ஒரே மாதிரி கத்துறீங்க."

இருவரும் ஒரே மாதிரி முறைத்தார்கள்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் மோசமில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து முதல் தட்டுப் பிஸ்கட்டை உடைத்துப் பார்ப்பார். சத்தம் சரியில்லை என்றால் அந்தத் தட்டு வெளியே போகாது. புது மெஷின் வேண்டுமென்று பெரியப்பா கேட்டால் மறுவாரமே வாங்கிப் போடுவார், அதே கையோடு பத்துப் பேரை வேண்டாமென்று வீட்டுக்கும் அனுப்புவார். வருடத்துக்கு வருடம் பிஸ்கட் ருசியாகிக்கொண்டே வந்தது, மெலிந்துகொண்டும் வந்தது. கடைசியில் வெளிச்சத்தில் பிடித்தால் எதிரில் இருப்பவர் முகம் தெரியும் என்று மாமாவே கேலி செய்தார்.

அம்மா அப்போது உருளையில் வேலை பார்த்தாள். பிசைந்த மாவைக் கையால் தள்ளிக் கொடுத்தால், ஒன்றை ஒன்று ஒட்டிச் சுழலும் இரண்டு இரும்பு உருளைகள் அதை இழுத்து நசுக்கித் தகடாக வெளியே விடும். மெஷின் வந்தபோது உருளைகளுக்கு மேல் ஒரு கம்பிவலை மூடி இருந்தது. மாவு ஒட்டிக்கொண்டால் மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டுத் திரும்ப முடுக்க வேண்டும். அதுவரை மெஷின் சும்மா நிற்கும். நின்றால் சூப்பர்வைசருக்கு வயிற்றெரிச்சல். ஒருநாள் மூடியைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. அது கிடங்குக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுக்கப் போய்விட்டது.

மெஷினை நிறுத்தும் சுவிட்ச் கூடத்தின் மறுகோடியில், சூப்பர்வைசர் மேஜைக்கு மேல் சுவரில் இருந்தது. அந்த இரைச்சலில் கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அதனால் சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டுமென்றால், மாவு சுரண்டும் தகட்டால் தட்டில் அடிப்பார்கள். ஒருவர் அடித்தால் பக்கத்தில் இருப்பவரும் அடிப்பார், கூடமே அடிக்கும். இதில் ஒரு தொல்லை. டீ வரத் தாமதமானாலும் இப்படித்தான் அடிப்பார்கள். அதுதான் அந்தக் கூடத்தின் வேடிக்கை, சூப்பர்வைசரை வெறுப்பேற்றும் ஒரே சந்தோஷம்.

அம்மாவின் வலது கையை உருளை இழுத்தது டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். பக்கத்துப் பெண் தட்டில் அடித்தாள். கூடமே அடித்தது. சூப்பர்வைசர் தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பொறுங்கள், இன்னும் நேரம் ஆகவில்லை என்று.

பெரியம்மா அடுப்பு வாயில் நின்றிருந்தாள். அங்கிருந்து கூடத்தின் நீளம் முழுக்க ஓடி, அவரைத் தள்ளிவிட்டு, சுவிட்சை இழுத்தாள். அதற்குள் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கண் கலங்கினார், அது நடிப்பில்லை. செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டார், பெட்டி ஒட்டும் பிரிவில் உட்கார்ந்து செய்யும் வேலையும் கொடுத்தார். பெரியம்மா எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லிவிட்டுக் கேட்டாள். "அந்த மூடிய திரும்பப் போடுங்க சார். சுவிட்ச உருளைக்குப் பக்கத்துல வச்சிருங்க. கைக்கு எட்டுற மாதிரி."

"ஆளாளுக்கு நிறுத்த ஆரம்பிச்சா என்னம்மா ஆகும்? ஒரு தடவ நின்னா அடுப்புக்குள்ள பெல்ட்ல கிடக்கறது பூரா கரி." அவர் கோபப்படாமல்தான் சொன்னார். "என் மெஷின நீ எப்படிம்மா நிறுத்துவ?"

பெரியம்மா அதன் பிறகு அவரிடம் எதையும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை மறக்கவில்லை. சூப்பர்வைசரின் விரித்த உள்ளங்கையையும் மறக்கவில்லை.

பிறகு ஆட்சி மாறியது. ஒரு மதியம் ரேடியோவில் செய்தி சொன்னார்கள், பெரிய ஆலைகளெல்லாம் இனி அரசாங்கத்துடையவை என்று. பெரியப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. உடைந்த பிஸ்கட் போடும் தொட்டியிலிருந்து அள்ளி அள்ளித் தெருவெல்லாம் கொடுத்தார். வாசல் வளைவில் 'நமது ஆலை' என்று எழுதினார்கள். மாமா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கொடுத்த பிஸ்கட்டை வாங்கித் தின்றார்.

மாமாவிடம் மறைக்காமல் சொல்கிறேன், அந்தக் காலத்தில் வந்த நல்லவை பெரிய நல்லவை. யாரையும் நினைத்த நேரத்தில் வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை. காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவு. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆலைக்குள்ளேயே ஓர் அறை. நான் அந்த அறையில் தவழ்ந்து வளர்ந்தவன். என் அம்மா வேலைக்குப் போய் நான் பட்டினி கிடக்காமல் வளர்ந்தேன் என்றால் அது அந்த அறையால்தான்.

பெரியப்பாவிடமும் மறைக்கப் போவதில்லை. பிஸ்கட் கெட்டுக் குட்டிச்சுவரானது. மேலிடத்திலிருந்து மாதம் இத்தனை டன் என்று உத்தரவு வரும். டன் கணக்கென்றால் சுலபமான வழி எது? பிஸ்கட்டைத் தடிமனாக்குவது. ஆக்கினார்கள். டீயில் முக்கினால் டீதான் தீர்ந்தது, பிஸ்கட் நனையவில்லை. ஜன்னல் கதவுக்கு முட்டுக்கொடுக்க ஆகும் என்று மாமா இரண்டு பாக்கெட் வாங்கினார். முதல் தட்டை உடைத்துச் சத்தம் கேட்க யாரும் காலையில் வரவில்லை. கருகினாலும் எடை எடைதானே.

பெரியம்மா ஆலைக் கமிட்டி முன்னால் போய் நின்றாள். இப்போது ஆலை நம்முடையதாகிவிட்டது, அதனால் மூடியை மாட்டி, சுவிட்சை உருளைக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள் என்று கேட்டாள். மூடிக்கு ஆர்டர் போட்டார்கள். வெகு நாள் கழித்து ஒரு மூடி வந்தது, வேறு ஏதோ மெஷினுடையது. அதற்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துச் சுவரில் மாட்டி வைத்தார்கள். சுவிட்ச் விஷயத்தை அதிகாரி பொறுமையாக விளக்கினார்.

"இது எல்லாரோட மெஷின்ம்மா. எல்லாருக்கும் சொந்தமானத நீ ஒருத்தி எப்படி நிறுத்துவ?"

அன்று மாலை டீ நேரத்தில் பெரியம்மா இதைச் சொன்னபோது மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பெரியப்பா சிரிக்கவில்லை.

"சிரிக்காதடா," என்றாள் பெரியம்மா. "உன் ஆளும் இதத்தான் கேட்டான். அவன் என் மெஷின்னான், இவன் எல்லாரோட மெஷின்ங்கறான். உருளைக்கு முன்னாடி நிக்கறவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான். யாருக்குச் சொந்தம்னு நீங்க ராத்திரி பகலா பேசுங்க. யாரு நிறுத்தலாம்னு ஒருத்தராவது பேசுறீங்களா?"

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். சண்டை போடாமல் அவர் டம்ளரை வைத்த நாள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

காலம் போனது. இன்னோர் ஆட்சி வந்தது, ஆலையை விற்றுவிடுவோம் என்றது. வாங்க வந்தவருக்குப் பிஸ்கட் மேல் ஆசையில்லை, ஆலை நின்ற நிலத்தின் மேல்தான் ஆசை. ஒன்று அவரிடம் போக வேண்டும், இல்லையென்றால் தொழிலாளர்களே கூட்டாக எடுத்து நடத்த வேண்டும். பெரியப்பா, ஆளுக்கு ஓர் ஓட்டு இருந்தால் தானும் வருவதாகச் சொன்னார். மாமா, கடைக்காரன் தானாகக் கேட்டு வாங்குகிற பிஸ்கட் போட்டால் தன் பட்டறைப் பெட்டியும் வரும் என்றார். இரண்டும் இருக்கட்டும் என்றாள் பெரியம்மா. தொழிலாளர்களே ஆலையை எடுத்தார்கள். கூடத்தில் கூடிய எல்லோரும் கை தூக்கி அவளைத் தலைவியாக்கினார்கள்.

முதல் நாள் காலையில் அவள் செய்த முதல் வேலை, கிடங்குக் கதவில் முட்டுக்கொடுத்திருந்த பழைய கம்பிவலை மூடியை எடுத்து வரச் சொன்னதுதான். அத்தனை வருடமும் அது அங்கேயேதான் கிடந்தது. பெரியப்பா துருவைத் தேய்த்து எடுத்து அதை உருளை மேல் மாட்டினார். பிறகு ஒரு சிவப்பு சுவிட்சை உருளைக்குப் பக்கத்தில், நிற்பவரின் இடுப்பு உயரத்தில் பொருத்தினார். பெரியம்மா கூடத்துக்கு ஒரு விதி சொன்னாள். யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். நிறுத்தின பிறகுதான் ஏன் என்று கேட்க வேண்டும்.

அம்மா தன்னைத் திரும்ப உருளைக்கே போடச் சொன்னாள். பெரியம்மா மறுத்தாள். "வேற எந்த வேலை வேணும்னாலும் கேளுடி."

"அது என் வேலைக்கா. விட்டுட்டு வந்தது நான் இல்ல, என் ரெண்டு விரல்தான்."

அம்மா உருளைக்குப் போனாள்.

முதலாளி செய்தது போல முதல் தட்டை உடைத்துப் பார்க்கும் வழக்கத்தைப் பெரியம்மா திரும்பக் கொண்டுவந்தாள். குழந்தைகள் அறையை மூடவில்லை. பிஸ்கட் கனமுமில்லாமல் மெலிவுமில்லாமல் ஒரு மாதிரி நியாயமாக வந்தது. அக்கம்பக்கத்துக் கடைகள் கேட்டு வாங்கின. ஆனால் ஆலை தப்பிக்க அது போதாது. பெரிய கடைகள் நடத்தும் ஒரு கம்பெனி, ஒரு லாரி சரக்கு சோதனைக்கு அனுப்புங்கள், சொன்ன நேரத்துக்கு வந்தால் தொடர்ந்து வாங்குகிறோம் என்றது. அது கைவிட்டுப் போனால் ஆலை அந்த நிலத்துக்கு ஆசைப்பட்டவரிடம்தான் போகும். கூடத்தில் எல்லோருக்கும் இது தெரியும்.

அன்று நான் லாரியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். டிரைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி லாரி இன்னும் காலி. வேகமாகப் பெட்டி அனுப்பச் சொல்ல நான் கூடத்துக்குள் போனேன். அதனால்தான் நடந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

உருளை மேல் மூடி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு போல்ட் தளர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் மூடி ஒரு பக்கம் தூக்கி, கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு, திரும்பப் படிந்தது. அம்மா தட்டில் அடித்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் அடித்தார்கள். பெரியம்மா கூடத்தின் மறுகோடியில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அதே பழைய மேஜை. தலையைத் தூக்கினாள், மூடி ஆடுவதைப் பார்த்தாள், திறந்து கிடந்த வாசல் வழியே லாரியைப் பார்த்தாள்.

பிறகு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கொஞ்சம் பொறு, லாரி போகட்டும் என்று.

அம்மா அந்தக் கையையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இடுப்பு உயரத்தில் இருந்த சிவப்பு சுவிட்சை, மூன்று விரல் மட்டும் இருந்த வலது கையால், ஓங்கி அழுத்தினாள்.

உருளை நின்றது. பெல்ட் நின்றது. இரைச்சல் போனதும் கூடத்தில் யாரோ இருமுவது கேட்டது. அடுப்புக்குள் கிடந்த பிஸ்கட் கருக ஆரம்பித்து மெல்லப் புகை வந்தது. வெளியே டிரைவர் ஹார்ன் அடித்தார். பெரியம்மா முகம் சிவக்க உருளையை நோக்கி நடந்து வந்தாள். நானே ஓர் அடி பின்வாங்கினேன். எனக்கு அம்மா மேல் அந்த நிமிடம் வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. லாரி, ஆலை, என் வேலை எல்லாம் புகையாகப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

"ஏன்டி நிறுத்தின?" என்றாள் பெரியம்மா.

"மூடி ஆடுதுக்கா."

"நான் பொறுன்னு காட்டினேன்ல?"

"காட்டின. அவன் கை மாதிரியே இருந்துச்சு."

பெரியம்மா தன் உள்ளங்கையைக் குனிந்து பார்த்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன். முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அழுதுகொண்டே, "ஸ்பேனர எடுத்துட்டு வாங்க," என்று பெரியப்பாவைக் கூப்பிட்டாள்.

போல்ட்டை அவளே முடுக்கினாள். பெல்ட்டில் கிடந்த கரியை எல்லோரும் சேர்ந்து வாரிக் கொட்டினோம். திரும்ப ஓட்டினார்கள். லாரி தாமதமாகத்தான் போனது, கொஞ்சம் காலியாகவும் போனது. பெரியம்மாவே டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து போனாள். என்ன நடந்தது என்று அந்தக் கம்பெனிக்காரரிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். அவர் ஒரு பிஸ்கட்டை உடைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த லாரி நேரத்துக்கு வர வேண்டும் என்று மட்டும் சொன்னாராம். வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. ஆலை இன்றைக்கும் ஓடுகிறது, நாங்கள் இன்றைக்கும் ஜன்னலைச் சாத்துகிறோம்.

அன்று மாலை பெரியப்பாவும் மாமாவும் வழக்கம்போல ஆரம்பித்தார்கள். எல்லோருடைய ஆலை என்பதால்தான் அவளால் நிறுத்த முடிந்தது என்றார் பெரியப்பா. அவளுக்கே சொந்தம் என்பதால்தான் நிறுத்தத் துணிவு வந்தது என்றார் மாமா. அம்மா இருவருக்கும் டீ ஊற்றினாள்.

தலைவர் தேர்தல் மறுபடி வந்தபோது பெரியம்மா நிற்க மாட்டாள் என்று நாங்கள் நினைத்தோம். நின்றாள். உருளைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி மேல் ஏறி நின்று, எல்லோரும் பார்க்கும்படி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"இந்தக் கையக் காட்டினாலும் நிறுத்துறவங்க மட்டும் எனக்கு ஓட்டுப் போடுங்க," என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

முதலில் தட்டில் அடித்தது என் அம்மா. பிறகு கூடமே அடித்தது. அன்றைக்கு டீயும் தாமதம்தான், ஆனால் யாரும் அதற்காக அடிக்கவில்லை.